பதினான்கு நாள்

சீட்டாட்டத்தில் பதினோரு டாலர் தோற்ற க்ளோவிஸ்
கடனுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டி தந்தான்.
உள்ளே வெண்டை விதை.

மார்ச்சிலேயே ஊன்றினேன்.
ஹூமாவில் வெயில் வந்துவிட்டது,
மண்ணுக்குள் வரவில்லை.
தோண்டிப் பார்த்தபோது
உப்பி, நாறி, விரலில் ஒட்டின.

இரண்டாம் முறை
இரவெல்லாம் நீலக் குவளையில் ஊறப்போட்டேன்.
ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒடெல்
அரைத்தூக்கத்தில் அதிலேயே காப்பி ஊற்றிக்கொண்டாள்.
மூன்றாம் மிடறில் பல்லில் கடிபட்டது.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
சாயங்காலம் வரை ஒன்றுமே சொல்லவில்லை.

மிச்சம் இருபத்துநான்கு.
நகவெட்டியால் ஒவ்வொன்றின் ஓட்டிலும்
சின்னதாய் ஒரு காயம்.
குழிக்கு இரண்டு, ஒரு விரல்கணு ஆழம்.
மறுநாள் விடியுமுன்
ஹெலிகாப்டர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்
கடல் நடுவே எண்ணெய் மேடையில் இறக்கியது.
விதைக்கு ஐந்து நாள் போதும்.
எனக்குப் பதினான்கு.

போனில் காற்று பாதி, அவள் பாதி.
"ஏதோ வந்திருக்கு. கூன் போட்டுக்கிட்டு,
விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு."
"அதுதான்."
"களையாவும் இருக்கலாம்."
"பிடுங்கிடாதே."
"எனக்கு வேற வேலை இல்லையா?"

வெண்டைக்காய் அவளுக்குப் பிடிக்காது.
கம்போ சூப்பில்கூடத் தேடித் தேடி
என் கிண்ணத்துக்குத் தள்ளுவாள்.
அந்த வழவழப்பு
வேலையிலேயே போதுமான அளவு
பார்த்தாகிவிட்டதாம்.

முதல் பூ என் ஒன்பதாம் நாளில் விரிந்தது.
"வாழைப்பழ மில்க்‌ஷேக் நிறம்.
நடுவில யாரோ ஒயினைக் கொட்டின மாதிரி."
படம் எடு என்றேன்.
தூங்கி எழுந்து போனபோது
மூடிக்கொண்டிருந்தது.
நனைந்த கைக்குட்டை ஒன்றின் படம்
என் போனில் இன்னும் இருக்கிறது.

ஜூலையில் நான் மறுபடியும் கடலில்.
இலைகளின் சுணை பட்டு
முழங்கை வரை அரிக்கிறது என்றாள்.
என் ஆரஞ்சு வேலையுடுப்பைப் போட்டுக்கொண்டு
அறுக்கப் போகிறாளாம்,
முதுகில் கம்பெனிப் பெயரோடு.
வேலிக்கு அப்பாலிருந்து க்ளோவிஸ்
"அண்ணே, எப்ப வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"ரெண்டு நாள் விட்டா மரக்கட்டை.
நேத்து விரல், இன்னைக்குக் கத்திப்பிடி.
இதுக்கு யாராவது சொல்லக்கூடாதா?"
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தேன்.
பை பையாய் அடுக்கியிருந்தது நான் இல்லாத காலம்.
ஒவ்வொன்றிலும் வெள்ளை மருத்துவ டேப்,
குளுக்கோஸ் பாட்டிலில் எழுதுகிற கையெழுத்து:
ஜூலை 9, காலை 7.40.
ஜூலை 11, காலை 8.05.
அப்புறம் ஒரேயடியாக ஜூலை 16.
புயல் வந்த வாரம்.
வார்டை விட்டு நகர முடியவில்லை என்று
போனில் அவள் சொல்லவே இல்லை.

கொல்லையில் அந்த வாரம் நின்றுகொண்டிருந்தது.
மாட்டுக்கொம்பு போல ஏழு காய்.
நுனி ஒடியவில்லை, விரல்தான் வலித்தது.
ஆறை அறுத்து எறிந்தேன்.
ஏழாவதன் காம்பில் ஒரு டேப்.
தேதி இல்லை.
'கை வைக்காதே.'

அக்டோபரில் அது காய்ந்து
விளிம்பு விளிம்பாய் வெடித்தது.
காற்றடித்தால் உள்ளே கிலுகிலுப்பு.
அறுபத்துமூன்று எண்ணினேன்,
ஒன்று உருண்டு அடுப்புக்கடியில் போனது.

விதையைப் போட்டு வைக்க ஏதாவது தேடி
அலமாரியைத் திறந்தால்
கழுவிக் கவிழ்த்திருக்கிறது நீலக் குவளை.
அதன் வயிற்றிலும் டேப்:
'ஏப்ரல் பாதிக்கு மேல்.
மார்ச் இல்லை.'

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
சத்தம் வராமல்
ஒவ்வொன்றாகப் போட்டேன்.