பெருக்கல் குறி

வாஷிங் மெஷின் மறுபடி நடுங்கி நிற்கிறது.
மேசையில் பாதி மடித்த துணிகள்.
மிச்ச இடத்தில் மடிக்கணினி:
கார்ன்வால் தேவாலயத்துத் திருமணப் பதிவேடு, 1864.

டிரெம்பாத். அடுத்த பக்கத்தில் டிரம்பெத்.
காதில் விழுந்ததை எழுதிவைத்திருக்கிறார் எழுத்தர்.

"அம்மா, இன்னொரு சாக்ஸ்?"
கட்டிலுக்கடியில் பார், கெரென்சா.
"பார்த்தாச்சு."

டிகோரி. வயது இருபத்திரண்டு. தகரச் சுரங்கம்.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
பெருக்கல் குறி ஒன்று,
ஒரு கால் நீண்டு, மை தெறித்து.
கீழே மணமகள் லவ்டே
தன் பெயரை முழுசாக எழுதியிருக்கிறாள்.
இந்த மூண்டாவுக்கு, செம்பு தோண்ட,
அவர்கள் கப்பலேறியது மறுவருடம்.

ராஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தபடி:
"பேஸ்டி மீதி இருக்கா?"
ஒன்றுதான். ஓரத்தில் கே போட்டிருக்கும். தொடாதே.

சொன்ன பிறகு தோன்றியது.
சுரங்க இருட்டில், சோற்று வேளையில்,
மாவு விளிம்பில் லவ்டே கீறிய எழுத்தை
அவன் கட்டைவிரல் வாசித்திருக்கும்.

ஒற்றைச் சாக்ஸோடு கெரென்சா
தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.
கையில் கணக்கு நோட்டு,
பக்கமெல்லாம் சிவப்பு.

"இவருக்கும் தப்புன்னு போட்டுட்டாங்களா?"

மெஷினில் தண்ணீர் இறங்கவே இல்லை.