ஏ மூன்றரை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டி
இருபது நிமிடம் தாமதமாக வந்தான் அருள்பிரகாஷ்.
அறுவடை மிஷின் ஓட்டுபவன்.
தை இருபதில் கல்யாணம்.
"போட்டோல பளிச்சுன்னு தெரியணும் டாக்டர்.
ஈ.எம்.ஐ. உண்டா?"

ஷேடு அட்டையைப் பல்லருகே பிடித்தேன்:
ஏ மூன்றரை.
கன்னத்தை விலக்கினேன்.
புகையிலை ஒதுக்கும் இடத்தில்
ஏற்கெனவே ஒரு வெள்ளை,
கடைமடை வயலில் உப்புப் பூத்த மாதிரி.
பஞ்சால் துடைத்தேன். போகவில்லை.

"அதையும் சேர்த்து எவ்வளவு ஆகும்?"

திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்குச் சீட்டு எழுதினேன்.
பயாப்ஸி என்பதை
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
ஈரப்பதம் கூடுதல் என்று
நெல்லைத் திருப்பும்போது வருமே, அந்த முகம்.

"பொண்ணு வீட்டுக்குத் தெரியணுமா?"

எனக்கும் தெரியவில்லை.
சீட்டை நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்தான்,
பொட்டலத்துக்குப் பக்கத்தில்.