மூன்றாவது சரணத்தில் ரயில்

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பின்னால்
மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி நிழல்,
இரண்டு கிட்டார்.
என்னுடையது மூர் மார்க்கெட்டில் பேரம் பேசியது;
கழுத்து லேசாக வளைந்திருக்கும்.
பெனில்டஸுடையது புதிது,
தவணை இன்னும் ஏழு பாக்கி.
உப்புக் காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது,
இரண்டிலும் கம்பி ஒரே வேகத்தில் துருவேறுகிறது.

அமெரிக்கப் பாட்டு.
எழுதியது யாரென்று தேடினோம்.
யாருமில்லை.
தண்டவாளம் போட்ட இடத்தில் எவனோ முனகியதை
இன்னொருவன் நீட்டி, வேறொருவன் மறந்து,
மிச்சம் நின்றது மூன்றே கார்டு.
ஜி, சி, டி.
பார்சல் கட்டிக் காய்த்த விரலுக்கும் எட்டும்படி
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்,
நல்லா இருக்கட்டும்.

ஜெயிலில் ஒருத்தன்.
சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் போகிறது.
அவ்வளவுதான் பாட்டு.

மூன்றாவது சரணத்தில் தவறாமல்
ஆவடி லோக்கல் வந்துவிடும்.
நிறுத்த மாட்டோம்.
எதுவும் கேட்காமல் வாயசைத்து, கையசைத்து,
கடைசிப் பெட்டி போனதும் பார்ப்போம்:
இருவரும் ஒரே சொல்லில் நின்றால் டீ அவன் செலவு,
பிரிந்திருந்தால் என் செலவு.
பெரும்பாலும் என் செலவு.

"பேசாம ஆவடி லோக்கல்னே பாடிடலாம்டா" என்பான்.
பாட்டில் கை வைக்காதே என்பேன்.
பஸ் டிக்கெட்டைக்கூட மடிக்காமல் வைக்கிற ஆள் நான்.

அன்றைக்குத் துணி எடுக்க வந்தாள் மேகலாக்கா,
வாயில் இரண்டு கிளிப்.
"தெனம் இதையே பாடறீங்களே, இன்னாப்பா இது?"
சொன்னோம்.
கிளிப்பை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"இன்னா பண்ணிட்டு உள்ள போனானாம்?"

நானும் பெனில்டஸும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம்.
எட்டுச் சரணம். இரண்டு வருஷம்.
"அது பாட்டுல இல்லக்கா."

"இருக்காது" என்றாள்.
கையில் ஒரு நீலச் சட்டை.
போட ஆளில்லாத அந்தச் சட்டை
வாரம் ஒருமுறை துவைபடுவது மாடிக்கே தெரியும்.
புதன்கிழமை புதன்கிழமை
புழலுக்குத் தம்பியை மனு பார்க்கப் போகிறவள்.

"அங்க ரயில் சத்தமே கேக்காதாம்.
ராத்திரி பூரா லாரிதானாம்.
பிரேக் போட்டா எந்த லாரின்னு
இவன் சொல்லிடுவானாம்."
சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரம் கம்பியைத் திருகினோம்,
சுருதி சரியாகத்தான் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து.
மூன்றாவது சரணம் வந்தது,
லோக்கல் வரவில்லை.
பெனில்டஸ் என்னைப் பார்க்காமல்
ரயில் இருந்த இடத்தில் லாரி என்று பாடினான்.
ஓர் அசை கூடுதல்.
என் வலது கை ஒரு தட்டு நொண்டி
பிறகு சேர்ந்துகொண்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ் வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
நின்றது.
கொஞ்சம் கழித்து
மறுபடி ஓடியது.