புல்லி மாத்தின ராத்திரி

சோமனூரிலிருந்து காந்திபுரம் ஒண்ணேகால் மணி நேரம்,
ஹோப் காலேஜ் சிக்னலையும் சேர்த்தால்.
மடியில் பழைய போர்டு,
நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிக்குள்.
"பெருசா இருக்குதே, பட்டுச்சீலைங்களா?"
கண்டக்டர் கேட்டார்.
ஆமாங்க, என்றேன்.

ரியாசுதீன் கடையில் ஏசி ஓடவில்லை.
முதலில் எடுத்துக் காட்டியது ஒளிர்கிற ஒன்றை:
ஓரமெல்லாம் வானவில், நடுவே ஒரு சிங்கத் தலை.
"இதுதானுங்க்கா இப்ப ஓடுது. பதினாறு பேஸ்."

பேஸ் என்றால் எனக்குத் தெரியும்.
எங்கள் தறிக் கொட்டகைக்கு வருவதே மூன்று.
போன ஐப்பசியில் அதில் ஒன்று போய்
மீதி இரண்டில் இழுத்து இழுத்து
நாலாம் தறி மோட்டார் கருகிய நாற்றம்
இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை.
நாற்பதாம் நம்பர் என்று சொல்லி
முப்பத்தாறைத் தள்ளிவிடுகிற நூல்காரர்களோடு
பன்னிரண்டு வருஷம் கணக்கு எழுதுகிறேன்.
"நெசமா எத்தனை பேஸ் தம்பி?
எட்டை ரெண்டா மடிச்சுப் பதினாறுங்கறீங்களா?"

அவன் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினான்.

சிங்கத்தை நகத்தால் தட்டினேன்.
டொக்கென்றது. பிளாஸ்டிக்.
பி எழுத்துப் போர்டு வேண்டாம், பெருக்கல் பூட்டிக் கிடக்கும்,
இசட் எடுங்க.
எட்டு முள் பவர் வாய் ரெண்டு இருக்கணும்.
ஹீட்சிங்க் பட்டையாக இல்லாமல்
சீப்பு மாதிரிப் பல் பல்லாக, காத்துப் போக.
பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான்,
ராத்திரி ரெண்டு மணிக்குச் செய்த தப்பையெல்லாம்
ஒரே அமுக்கில் மறந்துவிடுகிற பொத்தான்.
"ஸ்க்ரூ டிரைவர்ல தொட்டாலே போதுமுங்க்கா."
உனக்குப் போதும் தம்பி,
நான் கண்ணாடி தேடோணும்.

ஏணி போட்டு
அட்டாலியிலிருந்து இறக்கினான்.
பெட்டி மேல் பல்லி முட்டை ஓடு.
உள்ளே கறுப்பு. ஒரு விளக்கு கிடையாது.
கையில் வாங்கினால் ஒரு கிலோ கருப்பட்டிக் கனம்.
சிங்கத்தை விட மூவாயிரம் கூட.
சீட்டுப் பணத்தை எண்ணி வைத்தேன்,
எழுநூறு குறைத்துக்கொண்டு.

வீட்டுக்காரர் தங்கமுத்து கேட்டார்:
"கணக்கு எழுத இத்தன வேகம் எதுக்கு?"
கணக்குக்கு இல்லீங்க.
"பின்ன?"
அஞ்சு புள்ளி நாலு வருதான்னு பாக்க.

மேற்கொண்டு கேட்கவில்லை.
ரெண்டு வருஷம் முன்னால்
ரெண்டாம் தறிக்குப் பெரிய புல்லி மாட்டி
நூத்தி இருபது ஓடினதை நூத்தி நாற்பதாக்கியவர் அவர்.
மீட்டர் கூலி ஏறவில்லை,
யாரும் கேட்கவும் இல்லை.
அன்றைக்கு விடியும்வரை
தறி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்,
காதைக் கொடுத்துக்கொண்டு.

ராத்திரி பத்தரை.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி.
இந்தப் பக்கம் நானும் அதுவும்.
ஐம்பத்தொண்ணு. நின்றது.
ஐம்பத்திரண்டு. நின்றது.
எட்டும் ஒன்றாகக் கிளம்பினால் கொட்டகை பல்பு மங்குமே,
அப்படித்தான் இங்கேயும்:
சுமை ஏறினால் வோல்ட் தொங்கும்.
எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம் என்று
போர்டு நம்மையே கேட்கும்.
நாலாம் நிலை வைத்தேன். அஞ்சு வேண்டாம்,
அஞ்சாம் நிலை அவசரக்காரி.

ஐம்பத்திமூணு.
போர்டு அறுபத்தொரு டிகிரி, வெயிலில் எருமை மாதிரி அசையாமல்.
பிராசசர் தொண்ணூத்தி ஆறு.
ஃபேன் சத்தத்தில் தறிச் சத்தம் கேட்கவில்லை,
கல்யாணமாகி வந்ததிலிருந்து
முதல் தடவை.

ஐம்பத்திநாலு.

நீலத் திரை.

தலையெல்லாம் பஞ்சோடு வாசலில் நின்றார்.
"அறுந்துடுச்சா?"
அறுந்துடுச்சுங்க.
"பாவா, ஊடையா?"
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
கை போர்டு மேல் இருந்தது, வெதுவெதுவென்று.
பாவு நல்லாருக்குதுங்க. ஊடைதான் தாங்கலை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"புல்லிய அரை இஞ்சு கொறச்சுப் பாரு."