தோன்றா எழுவாய்

வூப்பர்டாலில் செவ்வாய் மாலை எழுத்து வகுப்பு.
ஜன்னலுக்கு வெளியே தொங்கியபடி போகிறது ரயில்,
வேலைக்குப் போகும் வௌவால் மாதிரி.

பிரிக்னர் அம்மா போன கிழமை மூன்று தாள்கள் தந்திருந்தார்.
ஒன்றில் ஒருவனுக்கு வீடு மறுக்கப்படுகிறது.
ஒன்றில் ஒரு சிறுமி, கணக்கில் புலி,
கீழ்ப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள்.
மூன்றாவதில் பேருந்து நிறைய ஆட்கள்;
ஒருவனிடம் மட்டும் சீட்டு கேட்கப்படுகிறது.
வாசித்து, மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுதி வாருங்கள்.

டெட்லெஃப் வெட்கப்பட்டு வந்தார்.
ஊர்சுலா வேதனைப்பட்டு வந்தார்.
நான் பட்டதுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
மூன்று தாளிலும் முப்பத்தொன்று.
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டதில்
தாளுக்கு அம்மை கண்டதுபோல் இருந்தது.

யார் மறுத்தது, என்று கேட்டேன்.
வீட்டுக்காரரின் நாய்க்குப் பெயர் இருக்கிறது, போல்டி.
வீட்டுக்காரருக்கு இல்லை.
கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது,
கடிதம் தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது.
அழுவதற்கு மட்டும் ஓர் ஆள் வைத்திருக்கிறீர்கள்,
மூன்று மொழி தெரிந்தவன், சட்டைக்கு இஸ்திரி போட்டவன்.
இஸ்திரி போடாதவனுக்கு மறுத்தால் பரவாயில்லையா?

பிரிக்னர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
அது அடக்கமான நடை, என்றார்.
ஓய்வுபெற்ற தபால்காரர் டெட்லெஃப்
பெயரைப் போட்டால் அந்த மனிதர் மனம் புண்படாதா என்றார்.
ஹிவெத் சிரித்தாள்.
எரித்திரியாக்காரி, ஒரு மாதமாய் வாயே திறக்காதவள்.

சரி, நீங்களே செய்வினையில் எழுதிக் காட்டுங்கள்.

செய்வினை என்றால் எங்கள் பக்கம்
தலையணைக்குள் தகடு, எலுமிச்சம்பழத்தில் ஊசி.
இலக்கணத்தில்,
செய்தவர் முன்னால் வந்து நிற்கும் வாக்கியம்.
இரண்டுக்கும் பயம்தான்.

என் கரட்டுப் பிரதி எப்போதும் தமிழில்:
திருமதி க்ரோட்டன்பெக் என் கையைப் பார்த்தார்,
மணிக்கட்டுவரை. பிறகு முகத்தை.
அறை இல்லை என்றார்.
'வாடகைக்கு' அட்டை அடுத்த மாதமும் ஜன்னலில் தொங்கியது.

மொழிமாற்றி வாசித்தேன்.
நன்றாயிருக்கிறது, இன்னும் எழுதுங்கள் என்றார்கள்.
பேனாவும் நிற்கவில்லை.

பார்மனில் எங்கள் வீட்டு மேல்மாடி அறை.
கஜீபன் என்றொரு பொடியன் பார்க்க வந்தான்.
கையில் ஒரு பை திராட்சை.
சப்பாத்தை வாசலிலேயே கழற்றினான்.
தேத்தண்ணி கொடுத்து,
'ஊரிலை எவடம்?'
சொன்னான்.
'கோயிலுக்கு எந்தப் பக்கம்?'
அதையும் சொன்னான், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு.
அறை ஏற்கெனவே பேசியாயிற்று என்று சொல்லப்பட்டது.

சொல்லப்பட்டது.
என் கையெழுத்துத்தான்.
முப்பத்திரண்டாவது வட்டம்.

வெட்டிவிட்டு எழுதினேன்: சொன்னேன்.
தமிழில் இப்படி ஒரு வசதி,
'நான்' என்று வாய்திறக்க வேண்டியதில்லை.
தோன்றா எழுவாய் என்று
திரைக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம்.
விகுதிதான் விடாது,
வாலைப் பிடித்து வெளியே இழுத்துவரும்.
சொன்னேன். மறுத்தேன்.
சிரித்த முகத்தோடு படிவரை போய் வழியனுப்பினேன்.
ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் ஏன்.

ஜெர்மனில் அந்த வசதியும் இல்லை.
'இஹ்' என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும்,
அண்ணத்தில் காற்று உரசி வரும் ஒலி,
பன்னிரண்டு வருடமாய் எனக்கு ஒழுங்காய் வராதது.

வாசியுங்கள், நேரமாகிறது, என்கிறார் பிரிக்னர் அம்மா.
டெட்லெஃப் காதுக்கருவியைத் திருகிக்கொள்கிறார்.
ஹிவெத் முன்னால் சாய்ந்திருக்கிறாள்,
க்ரோட்டன்பெக் இன்னும் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று.

திராட்சைப் பையை அவன் திருப்பிக் கேட்கவில்லை.
அன்றிரவே அதை நாங்கள் தின்றுமுடித்ததை
இன்னும் எழுதவில்லை.