ஐம்பத்தாறு கிலோ

முன்பக்கம் முடிந்துவிட்டது.
எஞ்சின் உட்காரும் தொட்டில், ரேடியேட்டர், ஸ்டியரிங் கம்பி
எல்லாம் சதுரக் குழாயில் பற்றவைத்து
திருநகர் வீட்டுப் போர்ட்டிகோவில்
செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது.
பின்பக்கம் வெறும் காற்று.
பதினோரு மாதமாக அந்தக் காற்றை வரைகிறேன்.

முதலில் இரட்டைக் கை.
சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
ஒரு சக்கரம் குழியில் இறங்கினால்
மற்றதற்குச் சேதியே போகாது.
அமலோற்பவத்தின் புடவைப் பெட்டியை வெட்டி
குண்டூசி குத்தி ஆட்டிப் பார்த்தேன்.
மேல் கையைக் கொஞ்சம் குட்டையாக்கினால்
எந்த வளைவிலும் டயர் நிமிர்ந்து நிற்கிறது.
அட்டையில் எல்லாமே நிமிர்ந்துதான் நிற்கிறது.
அகலத்தைக் கூட்டிப் பார்த்தால்
எங்கள் கேட்டைவிட நாலு விரல் அதிகம்.

டி டியோன் என்று ஒரு பழைய பிரெஞ்சு யோசனை.
கனத்த கிரவுன் பெட்டியை உடம்போடு கட்டிவிட்டு
வளைந்த குழாய் ஒன்று மட்டும்
சக்கரங்களைக் கோத்துக்கொண்டு துள்ளும்.
குழாயைச் சுருக்கம் விழாமல் வளைக்க
கப்பலூரில் ஆள் உண்டு.
ஒன்றுக்காக மெஷின் கட்ட முடியாது,
ஐம்பது இருந்தால் வாங்க என்றார்.
ஐம்பது கார் செய்யும் உத்தேசம் இல்லை.

ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்தை அப்படியே
பின்னால் வைத்துவிடலாம் என்றும் ஓர் இரவு தோன்றியது.
அதற்கு எஞ்சினும் பின்னால் போக வேண்டும்.
முன்பக்கம்தான் முடிந்துவிட்டதே.

லேத்தில் புஷ் கடைந்தபடியே
உதுமான் ஆறாவது தடவையாகச் சொன்னார்:
"ஆம்னி ஹவுசிங் ஒண்ணு எடுத்துப் போடுங்க,
சோலி முடிஞ்சது."

எனக்கு அது கட்டை வண்டி.
இந்தப் பக்கம் கல் ஏறினால்
அந்தப் பக்கமும் தோள் சாய்க்கும்.
ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை முழுக்கப்
பள்ளத்தில் விழுந்து எழுந்து
நம் முதுகைத் தேடி வரும்.

சனிக்கிழமை அவனியாபுரம், பழைய இரும்புக் கடை.
மஞ்சள் ஆம்னி.
பக்கவாட்டில் பள்ளிக்கூடத்தின் பாதிப் பெயர்.
ஒச்சப்பன் அச்சைத் தராசில் ஏற்றினார்.
டிரம், பட்டை எல்லாம் சேர்த்து ஐம்பத்தாறு கிலோ.
எந்த எடையைக் குறைக்கத் தூக்கம் கெட்டேனோ
அதையே எடை போட்டு வாங்கினேன்.

கமான் பட்டையை எண்ணினேன்.
கம்பெனி வைத்தது மூன்று. இதில் ஐந்து.
கீழ் இரண்டும் வேறு இரும்பு,
சுத்தியல் தழும்போடு.
"எட்டுப் பேர் போற வண்டில
இருபத்தோரு பிள்ளைகளை ஏத்துனான்.
பின்னாடி உக்காந்துருச்சு.
பக்கத்துக்கு ரெண்டு சேத்தான்."

என் நோட்டில் இருந்த சுமை:
இரண்டு பேர், ஒரு டாங்கி பெட்ரோல், ஒரு வாட்டர் பாட்டில்.
மொத்தமும் ஏழு பிள்ளைக்கு மேல் வராது.

சேர்த்த நாலு பட்டையையும்
அங்கேயே கழற்றித் திருப்பித் தந்தேன்.
ஒன்பது கிலோவுக்குக் காசு கழித்தார்.
கேட்டில் இடிக்காமல்
குறுக்காகத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம்.

பூட்டி முடித்தபோது மணி பத்து.
அமலோற்பவம் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.
இரண்டு இஞ்ச் இறங்கியது.
என் கணக்கு ஒன்றரை.
யார் பக்கம் தப்பு என்று
யாரும் கேட்கவில்லை.

அட்டை இன்னும் காலண்டருக்குப் பக்கத்தில்
ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

நாளைக்கு டேப்போடு போய்
தெருமுனை வேகத்தடையை அளக்க வேண்டும்.
விடியுமுன் போக வேண்டும்.
யாராவது பார்த்தால்
கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து
தண்ணீர் எப்ப வரும் என்பார்கள்.