கால் அங்குலம்

ட்ரெவாரோ அண்ட் ஹியெதாலா.
பலகையில் இரண்டு பேர்.
வர்ணம் உதிர்ந்ததெல்லாம் நடுவிலிருந்த ‘அண்ட்’டில்தான்.
மூன்று தடவையும் பூசியவன் நான்.

இருபத்தாறு வருடம் அங்கே கண்ணாடி வெட்டினேன்.
சுப்பீரியர் ஏரி காற்றை அனுப்பிக்கொண்டிருக்கும்வரை
இந்த ஊரில் ஜன்னல் உடையும்.
எனக்குச் சம்பளம் கொடுத்தது ஏரி என்றுகூடச் சொல்லலாம்.

ஏலத்துக்கு முந்தின வாரம்
உள்ளதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள்.
எழுதினேன்:
உருளும் ஏணி, ஒரு சக்கரம் இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறை.
உள்ளே இருப்பதில் ஒன்று
முகப்பில் திருகியிருக்கும், கீலோ கொக்கியோ தாழ்ப்பாளோ.
சவப்பெட்டிக் கைப்பிடி அறையின் முகப்பில் மட்டும்
வெறும் இரண்டு துளை.

பிறகு கடன் பேரேடு.
தாமிரச் சுரங்கம் மூடிய குளிர்காலம் முழுக்க
ஊருக்குப் படியளந்தது இந்தக் கடை.
வரவேண்டிய பத்தியில்
பென்சிலால் ஒரு நீளக் கோடு.
அடித்தது யார் என்று
இரண்டு குடும்பமும் இன்னும் சண்டை போடுகிறது,
எங்கள் ஆள்தான் என்று.

எழுதாமல் விட்டது கஜக்கோலை.

இருபத்தெட்டில், கடைக்கு முப்பது வயது நிரம்பியபோது
ஐந்நூறு கோல் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள்.
மேப்பிள் மரம், சிவப்பு எழுத்து, மூன்று இலக்கத் தொலைபேசி எண்.
அச்சுக்காரன் எங்கோ பராக்குப் பார்த்திருக்கிறான்:
முதல் அங்குலம் முக்கால்தான்.
தெரியவந்தபோது கோலெல்லாம்
ஊர் அடுக்களைகளில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்ப வாங்கி எரி என்றார் ட்ரெவாரோ.
ஹியெதாலா, அளந்துதான் பேசுவார், சொன்னார்:
அவர்கள் எதில் அளக்கிறார்களோ
நாம் அதில் வெட்டுவோம்.

ட்ரெவாரோ இரும்புக்கோலால் வெட்டிய கண்ணாடி
சட்டத்துக்குள் இறங்காமல் திரும்பி வந்தது.
ஹியெதாலா பொய்க்கோலால் வெட்டியது
கச்சிதமாக உட்கார்ந்தது.
அதை மன்னிக்க முடியவில்லை ட்ரெவாரோவால்.

பதினொரு வருடம் பேச்சு இல்லை.
ஆணி கட்டும் பழுப்புக் காகிதத்தில் எழுதி
கல்லாவின் பக்கத்தில் ஒரு முள்ளில் குத்துவார்கள்.
‘மூன்றங்குல ஆணி தீர்ந்தது.’
‘மழை. பலகையை உள்ளே எடு.’
‘உன் பூனை வெள்ளைப் பெயின்டில் நடந்திருக்கிறது.’
‘அது உன் பூனை.’

அந்த முள்ளைப் படிக்க எனக்கு இரண்டு இரவு ஆயிற்று.
மேலேதான் கடைசிச் சீட்டு இருந்தது.
ஹியெதாலாவின் கையெழுத்து, முப்பத்தொன்பது, நவம்பர்,
ட்ரெவாரோ போன மறுநாள்.
பின்கட்டில் பெட்டி செய்தது அவர்தான்.
முகப்பிலிருந்த மாதிரிக் கைப்பிடியைக்கூடக் கழற்றியிருக்கிறார்,
கையிருப்பில் ஒன்று குறைந்திருக்க வேண்டும்.
சீட்டில் ஒரே வரி:
‘இரும்புக்கோலால் அளந்தேன்.’

யார் படிக்க என்று
முள்ளில் குத்தினார்?

ஏலத்தில் பாதியை பீர்க்கடைக்காரர்கள் எடுத்தார்கள்.
இழுப்பறைகளில் இப்போது கரண்டியும் முள்ளும்.
கஜக்கோல் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில்,
கீழே அச்சிட்ட ஒரு கதை, முழுக்க அளந்து விட்டது.
சட்டத்தின் கண்ணாடியை வெட்டித் தந்தது நான்தான்.
கோலை ஒரு ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்ள
அதைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லை.
என் கராஜ் மேசையின் ஓரத்தில்
அதன் கோடுகள் எல்லாவற்றையும் கீறிக்கொண்டேன்.

போன செவ்வாய் ஒரு பெண் போன் செய்தாள்,
டெல்ஃபின் ரூலோ, ஹெம்லக் தெருவில்
பழைய வீடு வாங்கியிருக்கிறாள்.
இருபத்துநாலுக்கு முப்பது, ஒரே ஒரு கண்ணாடி என்றாள்.

எதில் அளந்தீர்கள்?

நிலவறைப் படியில் ஒரு கோல் கிடந்தது,
யாரோ இரண்டு பேர் பெயர் போட்டு.
ஏன் கேட்கிறீர்கள்?

சும்மாதான் என்றேன்.
வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.